சின்னத்திரைக்கு வெளியே ஒரு குரல்

1781-ஆம் ஆண்டு ஜூன் மாதம். சால்ஸ்பர்க் பேராயரிடம் ஊழியம் செய்துவந்த இருபத்தைந்து வயது இசைக்கலைஞர் ஒருவர், தம்மைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கோரும் விண்ணப்பத்துடன் வியன்னாவில் பேராயரின் அலுவலரான ஆர்கோ பிரபுவைச் சந்திக்கச் சென்றார். பிரபு அவரைப் பின்புறத்தில் எட்டி உதைத்து வெளியே தள்ளினார். உதைபட்டவர் மொசார்ட். தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

மொசார்ட்டுக்கும் பேராயர் கொலோரெடோவுக்கும் இடையிலான அந்த மோதலே, மைக்கேல் குன்ஸவும் சில்வெஸ்டர் லெவையும் உருவாக்கி 1999-இல் வியன்னாவில் அரங்கேறிய ‘மொசார்ட்!’ இசை நாடகத்தின் மையம். தென் கொரியத் தலைநகர் சியோலின் செஜோங் கலையரங்கில் 2010 ஜனவரியில் அது கொரிய மொழியில் மேடையேறியபோது, மொசார்ட்டாக நடித்தவர்களுள் ஒருவரான கிம் ஜுன்சுவுக்கு வயது இருபத்து மூன்று. தன்னை வளர்த்து ஆளாக்கிய நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கோரி அவரும் அப்போது நீதிமன்றப் படியேறியிருந்தார். எசமானிடமிருந்து விடுதலை கேட்கும் இசைக்கலைஞனாக நடிக்க அவர் அதிகம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஜுன்சு பதின்பருவத்தை எட்டும்போதே எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் பயிற்சி மாணவரானவர். ஆறு ஆண்டுகள் பயிற்சி. இடையில் பருவ மாற்றத்தால் குரல் உடைந்து, பாட முடியாமல் தவித்த காலமும் உண்டு. அந்த உடைவு ஆறியபோது எஞ்சிய கரகரப்பே பின்னாளில் அவரது அடையாளமானது. 2003 டிசம்பரில் ‘தோங் பாங் ஷின் கி’ என்ற ஐவர் குழுவில் அறிமுகமானார். குழு கொரியாவையும் ஜப்பானையும் ஒருசேரக் கவர்ந்தது. 2009 ஜூலைத் தொடக்கத்தில் டோக்கியோ டோம் அரங்கில் இரண்டு நாள்கள் பாடினார்கள். அதே மாத இறுதியில் ஐவரில் மூவர், ஜேஜுங், யூச்சுன், ஜுன்சு, நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள்.

ஒப்பந்தக் காலம் பதின்மூன்று ஆண்டுகள் என்பதே வழக்கின் ஆணிவேர். கையெழுத்திடும்போது சிறுவனாக இருந்தவன், விடுபடும்போது முப்பதைத் தாண்டியிருப்பான். அதன்மேல் கட்டாய இராணுவச் சேவையும் காத்திருக்கும். இத்தகைய ஒப்பந்தங்களை ஊடகங்கள் ‘அடிமைச் சாசனம்’ என்றே எழுதின. வழக்கு தொடுக்கப்பட்ட அதே ஜூலையில்தான், பாடகர்களின் ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது என்ற மாதிரி ஒப்பந்தத்தைக் கொரிய நியாய வணிக ஆணையம் வெளியிட்டது. அக்டோபரில் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் மூவருக்கும் சாதகமாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவர்கள் ‘ஜே.ஒய்.ஜே.’ என்ற பெயரில் தனித்து இயங்கத் தொடங்கினார்கள்.

நீதிமன்றம் திறந்த கதவைத் தொழில் துறை மூடிற்று. 2010-இல் மூவரின் முதல் தொகுப்பு வெளிவந்த வேளையில், அவர்களுக்கு இடமளிப்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக் கேளிக்கைத் துறைக் கூட்டமைப்பு ஒன்று ஒளிபரப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. நிறுவனமும் கூட்டமைப்பும் அவர்களின் தொழிலுக்கு இடையூறு செய்தன என்று முடிவுக்கு வந்த நியாய வணிக ஆணையம், அதை நிறுத்துமாறு உத்தரவிட்டது. ஆனால், அது 2013 ஜூலையில். கொரியாவில் புதிய பாடல் ஒன்று மக்களிடம் சேரும் வழி, வாராந்தரத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகள். அங்கே இடமில்லாதவர் பாடலாம், பாடுவது தெரியாது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களின் பின்னணியில் ஒலிக்கும் ‘பாலட்’ பாடல்களுக்கு அவர் குரல் தேவைப்பட்டது. 2012-இல் கே.பி.எஸ். ஒளிபரப்பிய ‘நைஸ் கை’ தொடரில் அவர் பாடியிருந்தார். குரல் வீடுவீடாகச் சென்றது, முகம் செல்லவில்லை.

‘பாலட்’ என்று கொரியர்கள் சொல்வது மேற்கின் பழைய கதைப்பாடலை அன்று. பியானோவுடன் தாழ்ந்த குரலில் தொடங்கி, வயலின்கள் சேரச் சேர மெல்ல ஏறி, இறுதியில் தொண்டை கிழியும் உச்சத்தில் உடையும் காதல் சோகப் பாட்டு அது. 1980-களின் நடுவில் லீ மூன்-சே போன்ற பாடகர்களாலும், ஒரே ஒரு தொகுப்பை விட்டுவிட்டு 1987-இல் மறைந்த யூ ஜே-ஹா போன்றோராலும் வடிவம் பெற்றது. அந்த ஏற்றத்துக்குப் பழகிய செவிகள், இசை நாடகத்திலும் அதையே தேடியதில் வியப்பில்லை. ஃபிராங்க் வைல்ட்ஹார்னின் ‘ஜெக்கில் அண்டு ஹைட்’ பிராட்வேயில் நட்டத்தோடு மூடப்பட்டது. 2004-இல் சியோலுக்கு வந்தபோது அது கொண்டாடப்பட்டது. இன்றுவரை திரும்பத் திரும்ப மேடையேறுகிறது. வியன்னாவின் இசை நாடகங்களும் அவ்வாறே. நடனத்தையும் நகைச்சுவையையும்விட, ஒரு பாத்திரம் மேடையின் நடுவில் நின்று நெஞ்சைத் திறந்து பாடும் நான்கு நிமிடங்கள்தான் அவற்றின் உயிர். ‘பாலட்’ பாடகர்கள் அங்கே விருந்தாளிகள் அல்லர், பாதி வீட்டுக்காரர்கள்.

ஜுன்சுவுக்கு அரங்கம் ஏன் கதவைத் திறந்தது? தயாரிப்பாளர்களின் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது. செஜோங் கலையரங்கில் ஏறத்தாழ மூவாயிரம் இருக்கைகள். கொரிய இசை நாடகங்களில் ஒரே பாத்திரத்தை இருவரோ மூவரோ வெவ்வேறு நாள்களில் நடிப்பது வழக்கம். எந்த நாளில் யார் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். நாடகத்தை அல்ல, நடிகரைப் பார்த்தே பலர் நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடித்துவிட்டால் அதே நாடகத்தை ஐந்து முறை, பத்து முறை பார்க்கிறார்கள். ‘சுழற்கதவுப் பார்வையாளர்’ என்றே அவர்களுக்குப் பெயர். தொலைக்காட்சிக்கு விளம்பரதாரர், பெருநிறுவனங்களின் மற்ற நட்சத்திரங்கள் என்று பல முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரங்கத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் ஒருவர் போதும். இடையில் நின்று தடுக்க யாருக்கும் கை நீளவில்லை.

ஆனால், கதவு திறந்ததாலேயே எல்லாம் கைகூடிவிடவில்லை. சிலைபோல் தொழப்படும் நட்சத்திரம் சீட்டு விற்க வந்திருக்கிறார் என்ற ஐயம் நாடக வட்டாரத்தில் இயல்பாகவே இருந்தது. பாட்டுக்கு நடுவே நடிப்பதும், நடிப்புக்கு நடுவே பாடுவதும் வேறுவேறு. அவர் அதை மேடையிலேயே கற்றார். 2010-இல் கொரிய இசை நாடக விருதுகளில் புதுமுக நடிகர் விருது. 2011-இல் வியட்நாம் போரைப் பின்னணியாகக் கொண்ட ‘டியர்ஸ் ஆஃப் ஹெவன்’. 2012-இல் ‘எலிசபெத்’. ஆஸ்திரியப் பேரரசியைக் காதலனைப் போலத் தொடரும் ‘மரணம்’ என்ற பாத்திரம் அதில் அவருக்கு. கம்பீரமான குரலுக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றும் அந்தப் பாத்திரத்தை, வயதும் பாலும் சொல்ல முடியாத ஓர் உருவமாக, கிசுகிசுப்பும் கரகரப்புமாக அவர் செய்தார். அவ்வாண்டின் சிறந்த நடிகர் விருது அதற்குக் கிடைத்தது. குறையாகப் பேசப்படக்கூடிய குரல், குறையில்லாதவர்கள் தொட முடியாத இடத்தைத் தொட்டது. தொலைக்காட்சியின் மூன்று நிமிடப் பாடல்களிலேயே அவர் தொடர்ந்திருந்தால் அந்த இடம் அவருக்கே தெரியாமல் போயிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அதற்காகத் தடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

2013 இறுதியில், மறைந்த பாடகர் கிம் குவாங்-சோக்கின் பாடல்களைக் கோத்து உருவான ‘டிசம்பர்’. அடுத்த ஆண்டு, இரத்தச் சிவப்பில் சாயமேற்றிய தலைமுடியுடன் ‘டிராகுலா’. 2015-இல் ‘டெத் நோட்’. வழக்கத்துக்கு மாறாக அதில் மாற்று நடிகர்களே இல்லை. எதிர்ப்பாத்திரத்தில் நாடக மேடையிலேயே வளர்ந்த ஹோங் குவாங்-ஹோ. இருவரும் நாள்தோறும் ஒரே மேடையில் நேருக்கு நேர் பாடினார்கள். நட்சத்திரமா, நடிகரா என்ற பழைய கேள்விக்கு அதைவிடக் கடுமையான தேர்வு இருந்திருக்க முடியாது.

இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றுக்காகவே அரங்கு நிறையும் என்றால், தயாரிப்பாளர் பெயரையே தேடுவார். நாடகப் பள்ளியில் படித்து, கூட்டப் பாத்திரங்களில் பத்தாண்டுகள் காத்திருப்பவருக்குத் தலைமைப் பாத்திரம் எட்டாக்கனியாகும். நட்சத்திரங்களின் ஊதியம் ஏற, நுழைவுச்சீட்டின் விலையும் ஏறும். இந்தக் குற்றச்சாட்டுகள் சியோலில் ஓயவில்லை. அவற்றில் நியாயமும் உண்டு. ஜுன்சு தமக்குக் கிடைத்த இடத்தை உழைப்பால் நியாயப்படுத்தினார் என்பது, அவர் வழியில் வந்த எல்லோருக்கும் பொருந்தும் விடையன்று.

2012 நவம்பரில் நிறுவனமும் மூவரும் சமரசத்துக்கு வந்து வழக்கு முடிந்தது. திரையின் கதவு அதன் பிறகும் உடனே திறக்கவில்லை. 2015 ஏப்ரலில் கல்வித் தொலைக்காட்சியான ஈ.பி.எஸ்.தான் தன் சிறிய இசையரங்கில் அவரைப் பாட வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஒளிபரப்புச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மூன்றாம் தரப்பினரின் வேண்டுகோளுக்கு இணங்கி, தக்க காரணமின்றி ஒரு கலைஞரை நிகழ்ச்சியிலிருந்து விலக்குவதை அது தடை செய்கிறது. மக்கள் வாயில் அதற்கு ‘ஜே.ஒய்.ஜே. சட்டம்’ என்று பெயர். அப்போது வழக்குத் தொடுத்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு பாட்டுக்காரனின் இளமையில் அது பெரும்பகுதி.

2017 பிப்ரவரியிலிருந்து 2018 நவம்பர் வரை காவல் துறையின் கலைக்குழுவில் கட்டாயச் சேவையை முடித்துத் திரும்பியவர், மீண்டும் ‘மரண’மாகவே மேடையேறினார். 2020 தொடக்கத்தில் ‘மிஸ்டர் டிராட்’ என்ற பாட்டுப் போட்டியின் நடுவர்களுள் ஒருவராகத் தொலைக்காட்சியில் தோன்றினார். அவருக்கு எதிரே நின்று பாடியவர்களில் பலர், வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். அவ்வாண்டு ஜூனில், பெருந்தொற்றால் பிராட்வே முழுவதும் இருண்டிருந்தபோது, செஜோங் கலையரங்கில் ‘மொசார்ட்!’ பத்தாம் ஆண்டுத் தயாரிப்பு தொடங்கியது. வாயிலில் உடல்வெப்பம் சோதிக்கப்பட்டு, முகக்கவசத்துடன் மக்கள் உள்ளே அமர்ந்திருந்தார்கள். முப்பத்து மூன்று வயதில் ஜுன்சு மீண்டும் பேராயரிடம் விடுதலை கேட்டுப் பாடினார்.