பிள்ளைகளின் மனநலப் பரிசோதனை

ஆண்டுக்கு ஒரு முறை நமது கிராமப் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. எடையும் உயரமும் பார்க்கின்றனர். கண்ணையும் பல்லையும் சோதிக்கின்றனர். இரத்தசோகை உண்டா என்று கண்டறிகின்றனர். இவற்றுக்குப் பிள்ளைகள் தயங்குவதில்லை. ஆனால், "இரவில் உறக்கம் வருகிறதா? எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா?" என்று மருத்துவரோ செவிலியரோ வினவினால், "ஒன்றுமில்லை" என்று தலை குனிந்துகொள்ளும் பிள்ளைகளே மிகுதி. இக்கேள்விகள் எதற்காக என்பதை அவர்களுக்கு முன்கூட்டி எவரும் சொல்லி வைக்காததே இதற்கு முக்கிய காரணம் என்று நாம் கருதுகிறோம்.

10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதை நாம் எளிதில் அடையாளம் காண்பதில்லை. நன்றாகப் படித்த பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் சோம்பல் என்கிறோம். எரிந்து விழுந்தால் திமிர் என்கிறோம். அடிக்கடி வயிற்றுவலி என்றால் சாக்குப்போக்கு என்கிறோம். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. இவ்வாறு மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

பரிசோதனை நடைபெறும் முறை கடினமானதன்று. வினாக்கள் இடத்துக்கு இடம் மாறுபடலாம். பல நாடுகளில் வழங்கும் ஒரு வினாத்தாளில் ஒன்பது வினாக்கள் உள்ளன. சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை போன்றவை கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் இருந்தன என்பதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாக விசாரிப்பர். அதுவே நோய் என்ற தீர்ப்பு ஆகாது. உயிர் வாழ்வதில் வெறுப்பு உண்டா என்பது ஒன்பதாவது வினா. இதற்கு உண்டு என்ற விடை வருமாயின், மொத்தம் எவ்வளவு குறைவாயினும் அன்றே தனியே பேசுதல் அவசியம். இப்படிக் கேட்பதே அவ்வெண்ணத்தை மனத்தில் விதைத்துவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு ஆராய்ச்சிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மண் பரிசோதனைக்கு வரப்போரத்திலும் எருக்குழி அருகிலும் மாதிரி எடுக்கலாகாது என்பது விவசாயிகள் அறிந்ததே. மாதிரி பிழையானால் முடிவும் பிழையாகும். தந்தை ஒரு புறமும் வகுப்புத் தோழர்கள் மறு புறமும் நிற்கையில் பிள்ளை கூறும் விடையும் அத்தகையதே. ஆகவே, குழு வரும் நாளில் பள்ளியிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஓர் அறையை ஒழித்துத் தருவது பஞ்சாயத்தாரின் முதற் கடமை. கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. அங்கத்தினர்கள் மேற்பார்வை என்ற பெயரில் அங்கே நிற்காதிருப்பதும் ஓர் உதவியே.

பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே ஆசிரியர் பிள்ளைகளிடம் பேசவேண்டும். இது எல்லாரிடமும் கேட்கப்படுவது, தேர்வு அன்று, சரியான விடை, தவறான விடை என்பது இல்லை, விருப்பமில்லாத வினாவுக்கு விடை தராதிருக்கலாம். சொன்னது ஊராருக்குப் போகாது என்றும் உறுதி கூறவேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் தெரிவிக்க நேரும். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். இவ்விரண்டையும் மறைத்து, "எதையும் சொல், ஒருவருக்கும் சொல்லமாட்டோம்" என்று வாக்களிப்பது பெரும் பிழை. ஒரு முறை ஏமாந்த பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. பெரும்பாலும் அடுத்த படி மாத்திரை அன்று, ஆலோசனைப் பேச்சே என்பதையும் கூறினால் பாதி அச்சம் நீங்கும்.

கேட்டுவிட்டுக் கைவிடுவது கேளாதிருப்பதினும் தீது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமையில் வருகிறார் என்பதைப் பஞ்சாயத்தார் விசாரித்து வைத்திருத்தல் நலம். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தில் செல்லும் தாய், மருத்துவர் இல்லாத நாளில் போய்த் திரும்பினால் இரண்டாம் முறை போகமாட்டாள். கிராம சபையில் இத்திட்டத்தைப் பற்றிப் பேசலாம். எந்தப் பிள்ளையின் பெயரும் அங்கே எழக்கூடாது.

விவசாயிகளிடம் ஒன்று வேண்டுகிறோம். பூச்சி மருந்தை வீட்டு மூலையில் வைக்காமல், பூட்டுள்ள பெட்டியில் இட்டுச் சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளை வாட்டமாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதைப் பள்ளிச் சுவரிலும் நூலகத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கப் பஞ்சாயத்துக்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.