வெளியேற்ற வளிம மீள்சுழற்சிப் பழுதறிதல்

வெளியேற்ற வளிம மீள்சுழற்சி என்பது, உள் எரி பொறியிலிருந்து வெளியேறும் புகையின் ஒரு சிறு பகுதியை மீண்டும் உருளைகளுக்குள் செலுத்தி, நைட்ரசன் ஆக்சைடு மாசைக் குறைக்கும் முறையாகும். ஈ.ஜி.ஆர் என்ற சுருக்கப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. அமெரிக்க வண்டிகளில் 1973 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து பரவலானது. இதில் ஏற்படும் பழுதுகளைக் கண்டறியும் வழிகளை, 1997 முதல் 2003 வரை வெளியான போர்டு எப்-150 பிக்கப் டிரக்கின் 4.6 லிட்டர் பெட்ரோல் பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்பாடு

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் ஆகும். உருளையினுள் வெப்பநிலை சுமார் 1370 பாகை செல்சியசைத் தாண்டும்போது அது ஆக்சிசனுடன் மிகுதியாகச் சேர்ந்து நைட்ரசன் ஆக்சைடுகளாகிறது. ஏற்கெனவே எரிந்து முடிந்த புகை மீண்டும் எரிவதில்லை. எரிகலவையை நீர்த்துப்போகச் செய்து, வெப்பத்தை உறிஞ்சி, எரிதலின் உச்ச வெப்பநிலையைக் குறைக்கிறது.

ஈ.ஜி.ஆர் வால்வு ஒரு ரப்பர்ச் சவ்வின் மீது செயற்படும் வெற்றிடத்தால் திறக்கிறது. அவ்வெற்றிடத்தை வண்டியின் கணினி ஒரு மின்காந்த வால்வின் மூலம் கட்டுப்படுத்துகிறது. பொறி குளிர்ந்திருக்கும்போதும், ஐடிலிங்கிலும், முழு வேகமுடுக்கத்திலும் ஈ.ஜி.ஆர் வால்வு மூடியிருக்கும். சீரான வேகத்தில் செல்லும்போது திறக்கும். புகைக்குழாயில் ஒரு குறுகிய துளை உண்டு. அதன் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டை இரண்டு ரப்பர்க் குழாய்களின் வழியே ஓர் உணரி அளந்து, எவ்வளவு புகை செல்கிறது என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கிறது.

அறிகுறிகள்

வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐடிலிங்கில் பொறி உதறும். வண்டியை நிறுத்தும்போது அணைந்துவிடவும் கூடும். மூடியபடி சிக்கினால் ஓட்டத்தில் வேறுபாடு தெரியாமலே போகலாம். ஆனால் சுமையுடன் மேடேறும்போது நாக்கிங் ஒலி கேட்கும். இது நெடுநாள் தொடர்ந்தால் பிசுடன்கள் சேதமடையும்.

பழுதறியும் முறை

1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட தன்னறிதல் முறையின்படி, மீள்சுழற்சி போதவில்லை எனில் பி0401 என்ற குறியீடு பதிவாகும். இதைக் கண்டவுடன் வால்வை மாற்றிவிடுவது பரவலான தவறு. இக்குறியீடு கூறுவது, எதிர்பார்த்த அளவு புகை சென்றதாக உணரி தெரிவிக்கவில்லை என்பதை மட்டுமே. குற்றவாளி வால்வாகவும் இருக்கலாம், அடைபட்ட வழியாகவும் இருக்கலாம், உணரியே பொய் சொல்லவும் கூடும்.

கை வெற்றிடப் பம்பு ஒன்றிருந்தால் சிக்கலை எளிதில் இரண்டாகப் பிரித்துவிடலாம். பொறியைச் சூடேற்றி, ஐடிலிங்கில் ஓடவிட்டு, வால்வின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பம்பை இணைத்து வெற்றிடம் கொடுக்க வேண்டும். பொறி உதறினாலோ அணைந்தாலோ வால்வும் புகைவழியும் நன்றாக உள்ளன. மின்காந்த வால்வு, வெற்றிடக் குழாய்கள், உணரி ஆகியவற்றையே ஆராய வேண்டும். மாற்றமே இல்லையெனில் பம்பின் அளவுமானியைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கினால் சவ்வு கிழிந்துள்ளது. முள் அசையாமல் நின்று, வால்வின் தண்டும் நகர்ந்தால், புகைவழி கரியால் அடைபட்டுள்ளது. இவ்வகைப் பொறிகளில் காற்று நுழையும் திராட்டில் பகுதியை ஒட்டிய சிறு துளைகளில் கரி படிவது வழக்கம்.

உணரியைச் சோதிக்க வோல்ட்டுமானி போதும். வால்வைப் பம்பால் திறக்கும்போது அதன் மின்னழுத்தம் உயர வேண்டும். புகையிலுள்ள ஈரம் உட்புகுந்து உணரி அரிக்கப்படுவது 1990களின் போர்டு வண்டிகளில் நன்கறியப்பட்ட குறை. உணரியை வாங்குமுன் அதன் இரு ரப்பர்க் குழாய்களையும் கழற்றிப் பார்ப்பது நன்று. வெப்பத்தால் வெடித்த குழாய் சில நிமிட வேலை, செலவும் சொற்பம். குழாய் கழன்றாலோ அடைபட்டாலோ பி1405, பி1406 ஆகிய குறியீடுகள் தோன்றலாம். உணரியின் மின்னழுத்தம் மிகக் குறைந்தால் பி1400, மிகக் கூடினால் பி1401.

கரியைச் சுரண்டும்போது துகள்கள் பொறிக்குள் விழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வைக் கழற்றினால் புதிய காசுக்கெட்டு இட வேண்டும். சிலர் வழியை உலோகத் தகட்டால் அடைத்துவிடுகின்றனர். இது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு முரணானது. கணினியும் அதே பி0401 குறியீட்டைத் திரும்பக் காட்டும்.