குவைத் சம்பளத்துக்கு வரி உண்டா?

"வெளிநாட்டுக் காசுக்கும் வரி வந்துவிட்டதாமே?" மகளோ மனைவியோ குவைத்துக்கோ சவூதிக்கோ போயிருக்கும் தோட்ட வீடுகளில், பலாங்கொடையானாலும் யட்டியாந்தோட்டையானாலும், இப்படிக் கேட்பவர்கள் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டத் திருத்தம்தான் இந்தப் பயத்துக்குக் காரணம். வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை.

பன்னிரண்டு மாதங்களில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருப்பவரைத்தான் சட்டம் பொதுவாக வதிவாளர் என்கிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதனால் அங்கே உழைத்த சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. வீட்டுச் செலவுக்கு அதை வாங்கும் தாய்க்கும் இல்லை. அந்தக் காசை ரூபாயில் நிலையான வைப்பில் போட்டால் கிடைக்கும் வட்டி மட்டும் வேறு கதை. அது இலங்கை வருமானம். 2025 ஏப்ரலிலிருந்து வங்கியே 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் வெளிப்படுத்தல் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

என் பார்வையில், தோட்டத்துக் குடும்பத்துக்கு வரியைவிடப் பெரிய ஆபத்து, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல்தான். 2022 தொடக்கத்தில் வங்கி டொலருக்கு 200 ரூபாய் அளவில் கொடுத்தபோது உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்றிருந்த வீட்டில் அந்த நாற்பது ரூபாயை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022இல் சுமார் 380 கோடிக்கு விழுந்தது.

உண்டியலில் டொலர் நாட்டுக்குள் வருவதே இல்லை. அது அங்கேயே கைமாறிவிடும். இங்கே யாரோ ஒருவர் பணம் போடும் இயந்திரத்தில் ரூபாயைப் போட்டுவிட்டுப் போவார். தொகை வந்த செய்தி கைபேசிக்கு வரும். குவைத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரிகூட அதில் இருக்காது. அந்த ரூபாய் இறக்குமதி விலையைக் குறைத்துக் காட்டிய வியாபாரியுடையதாக இருக்கலாம், போதைப்பொருள் விற்றவனுடையதாகவும் இருக்கலாம். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு எவரும் இந்தத் தொழில் செய்யக் கூடாது. சந்தேகம் எழுந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு கொடுக்கல் வாங்கலை 7 நாட்கள் நிறுத்திவைக்கலாம். மேல் நீதிமன்றம் அதை நீடிக்கலாம். அப்போது உழைத்த காசுதான் என்று நிரூபிக்கும் பாரம் வீட்டுக்காரர் தலையில் விழும். "உன் கணக்கைக் கொஞ்சம் தா, கமிஷன் தருகிறேன்" என்று கேட்பவருக்குக் கணக்கைக் கொடுப்பது இன்னும் மோசம்.

புதிய திருத்தம் உண்மையில் தொடுவது லயத்து அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் பிள்ளையை. வங்கி வழியாக வந்த அந்த வருமானத்துக்கு முன்பு முழு விலக்கு இருந்தது. இப்போது 18 இலட்சம் நிவாரணம் போக, முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மீதிக்கு 15. அதே வருமானம் உண்டியலில் வந்தால் இந்த 15 சதவீத உச்சவரம்பு கிடையாது; சாதாரண வரி 36 சதவீதம் வரை ஏறும். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதற்கு டின் நம்பர், அதாவது வரி செலுத்துநர் அடையாள எண், தேவை.