பிடி அரிசியில் புறப்பட்டவர்கள்

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதற்கு முன்னின்று உழைத்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு அப்போது வயது 28. வெள்ளாளன்விளை குருவானவரின் மகன், ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர். முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் காசிலேயே கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பிவந்ததைப் பார்த்தார். நூறு வருஷத்துக்கும் மேலாக வெளிநாட்டு மிஷனெரிகளிடம் வாங்கியே பழகியிருந்த திருநெல்வேலிச் சபைக்கு அது உறைத்தது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்று புதிய சங்கம் தீர்மானித்தது.

பணம் வந்த வழியைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். அந்நாளின் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், கூலிகள், சிறு விவசாயிகள். உலை வைத்ததும், அளந்த அரிசியைக் களைவதற்கு முன் வீட்டுப் பெண் ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்ததும் அது தேவாலயத்துக்குப் போய்க் காசாகும். பிடி அரிசிக் காணிக்கை என்பது இதுதான். அந்த ஒரு பிடி, வயிற்றில் குறைந்த பிடி. இப்படிப்பட்ட வீடுகளின் காணிக்கையில்தான் மிஷனெரிகள் வெளியூர் போனார்கள்.

1904இல் சாமுவேல் பாக்கியநாதன், நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது. தெலுங்கு பேசும் ஊர். வேலை செய்தது ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களிடையே. 1909இல் அசரியாவும் குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். மனைவி அன்பு மாரியம்மாள், கல்லூரிப் படிப்பு கிடைத்த முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்குப் பிறகும் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும்தான் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் விரட்டாமல் பிரசங்கம் மட்டும் செய்து பயனில்லை என்பது அவர் கண்ட அனுபவம். ஊரை விட்டுப் போவது ஒரு நாள் காரியம், போன இடத்திலேயே கிடப்பதுதான் கடினம். அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை அந்த மக்களோடேயே இருந்தார்.

திருநெல்வேலிக்குள்ளேயே இன்னொரு வழி தோன்றியது. களக்காட்டு மலையடிவாரத்தில் உள்ள டோனாவூரில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்திலிருந்த சிறுமிகளுக்கு அயர்லாந்தின் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அடைக்கலம் தந்தார். பிறகு கைக்குழந்தைகளும் வந்தார்கள். அவர்களுக்கு ராத்திரியெல்லாம் கண்விழிக்க ஆள் வேண்டும். சம்பளத்துக்கு வரும் ஆயாக்களால் அது முடிகிற வேலையல்ல. 1916இல் ஏழு இந்தியப் பெண்கள், கல்யாணத்தை ஒதுக்கிவைத்து இந்தப் பணிக்கே தங்களைக் கொடுத்தார்கள். கூட்டுவாழ்வுச் சகோதரிகள் என்ற பொருளில் அமைந்த அந்தக் குழுவின் பெயர், 14ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் இதேபோல் கூடி வாழ்ந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. தொட்டில் ஆட்டுவதும் துணி அலசுவதும் ஜெபத்துக்குக் குறைந்தவை அல்ல என்று அவர்கள் நம்பினார்கள். ஏமி 1951இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

இந்த ஓட்டம் பின்னாளிலும் நிற்கவில்லை. 1950களின் கடைசியில் திருநெல்வேலி வாலிபர்களின் ஜெபக் கூட்டங்களிலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு உருவானது. முதலில் தமிழ்நாட்டு மலைகளுக்கும், அடுத்துக் குஜராத்தின் பழங்குடிக் கிராமங்களுக்கும் ஆள் அனுப்பியது. கிழக்கு இந்தியாவின் ராஜ்மகால் மலைகளில் வாழும் மால்தோ பழங்குடி மக்களிடம் போனவர்கள் வேதப்புத்தகத்தோடு மலேரியா மாத்திரையையும் சுமந்து நடந்தார்கள். மலேரியா, காசநோய், காலா அசார் மூன்றும் அந்த மக்களைத் தின்றுகொண்டிருந்தன. கூடவே குடியிருந்தவர்களையும் மலேரியாக் கொசு கடித்தது.