கைப்பேசியில் ஒரு கல்வெட்டு: நார்த்தாமலையில் ஒளிப்படப் பயிற்சி

களப்பயணம் முடிந்து திரும்பும்போது நம் கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கும். பெரும்பாலானவை மாணவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டவை. வகுப்பில் காட்டிப் பாடம் நடத்தத் தக்கவை சிலவே. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, இந்தப் படம் எதைக் காட்ட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை மாணவர்களுக்குப் பழக்கிவிட்டால், சாதாரணக் கைப்பேசியே போதும். எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களுடன் நார்த்தாமலையில் நான் செய்துவரும் பயிற்சியை இங்கே பகிர்கிறேன்.

ஏன் இந்தப் பயிற்சி?

நார்த்தாமலையின் மேலமலையில் உள்ள கோயிலுக்கு விஜயாலய சோழீஸ்வரம் என்று பெயர். பெயரைக் கேட்டால் விஜயாலய சோழன் கட்டியது என்றே தோன்றும். ஆனால், வாயில்காவலர் சிற்பத்தின் அடியில் உள்ள கல்வெட்டு வேறு செய்தி சொல்கிறது. கோயிலைக் கட்டியவர் முத்தரையரான சாத்தன் பூதி. மழையால் சிதைந்த அதைப் பின்னர் புதுப்பித்தவர் மல்லன் விடுமன். இந்தச் சில வரிகள் தேய்ந்துபோயிருந்தால் அந்த இரு பெயர்களும் நமக்குக் கிடைத்திருக்குமா? வெயிலும் மழையும் கல்லைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. தெளிவான ஒரு படம், எழுத்து இன்றிருக்கும் நிலையைக் காக்கும் சாட்சி.

இது புதிய எண்ணமும் அன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப், 1858-இல் புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுப்பாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

சூரியனைப் பார்த்துத் திட்டமிடுவோம்

விஜயாலய சோழீஸ்வரம் மேற்கு நோக்கிய கோயில். காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும். அப்போது முகப்பை எடுத்தால் வானம் வெளுத்து, கோயில் கருத்துவிடும். எதிரே உள்ள இரண்டு குடைவரைகளான பழியிலி ஈஸ்வரமும் சமணர் குடகும் கிழக்கு நோக்கியவை. எனவே காலையில் குடைவரைகள், மாலை மூன்று மணிக்கு மேல் கோயில் முகப்பு என்று வரிசைப்படுத்துகிறேன். உச்சிவெயிலில் படம் எடுப்பதில்லை. அது குறிப்பெழுதும் நேரம்.

கைப்பேசியில் ஐந்து பழக்கங்கள்

1. லென்சை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் ரேகை படிந்தாலே படம் மங்கும்.
2. கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்குங்கள். தூண் செங்குத்தாக இருக்கிறதா என்று அவை காட்டும்.
3. திரையில் கல்லைத் தொடுங்கள். கைப்பேசி அதைக் கொண்டே தெளிவையும் வெளிச்சத்தையும் கணக்கிடும்.
4. விரலால் பெரிதாக்காமல் அருகே நடந்து செல்லுங்கள். பெரிதாக்கினால் நுணுக்கம் குறையும்.
5. கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். பின்னால் நகர்ந்து, நேராகப் பிடித்து எடுங்கள்.

குடைவரைக்குள்

சமணர் குடகின் உள்ளே ஒன்றுபோல் தோன்றும் 12 திருமால் சிற்பங்கள் உள்ளன. வெளிச்சம் குறைந்த இடத்தில் கைப்பேசி கூடுதல் நேரம் ஒளியை வாங்குகிறது. அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூன்று நொடி டைமர் வைத்து எடுக்கச் சொல்கிறேன். ஃபிளாஷ் வேண்டாம். நேரே பாயும் ஒளி நிழலை அழித்து, புடைப்புச் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும்.

எழுத்தை எழுப்பும் சாய்வொளி

கடம்பர் மலையில் பாறையிலேயே வெட்டிய சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. ஒளி நேராக விழும்போது எழுத்து தெரியாது. பக்கவாட்டில் சரிந்து விழும்போது, வெட்டிய பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். நிழலான இடங்களில் ஒரு மாணவர் டார்ச்சைக் கல்லின் பரப்புக்கு அருகே பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் நேரெதிரே நின்று எடுக்கலாம். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, மேலிருந்து ஒன்று என மூன்று படம் எடுத்தால், ஒன்றில் மறைந்த கோடு மற்றொன்றில் கிடைக்கும். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி, டார்ச்சை நகர்த்திக்கொண்டே ‘க’ எழுத்தைக் கண்டுபிடித்துக் கூவியதை நான் மறக்கவில்லை. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் தடவுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அது கல்லுக்குக் கேடு.

மூன்று தொலைவு, ஒரு குறிப்பு

ஒவ்வொரு சின்னத்தையும் தொலைவில், நடுத் தொலைவில், அண்மையில் என மூன்று படங்கள் எடுக்க வேண்டும். முதல் படம் இடத்தைச் சொல்லும், இரண்டாவது அமைப்பை, மூன்றாவது நுணுக்கத்தை. அண்மைப் படத்தில் கல்லைத் தொடாமல் ஓர் அடிக்கோலைப் பிடித்தால் அளவும் கிடைக்கும். நாள், நேரம், திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் உடனே எழுத வேண்டும். குறிப்பில்லாத படம் சில மாதங்களில் வெறும் கல்லாகிவிடும்.

விஜயாலய சோழீஸ்வரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலி போன்ற கருவிகளைக் கொண்டுசெல்வதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பாறைச் சரிவில் பின்னால் நகர்ந்து படம் எடுக்கும்போது விழுந்துவிட வாய்ப்புண்டு. எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை மாணவரை நியமியுங்கள்.

நார்த்தாமலைக்கு வர இயலாத பள்ளிகள், தம் ஊர்க் கோயில் சுவர், நடுகல், ஏரி மதகு ஆகியவற்றில் தொடங்கலாம். ஒரே கல்லைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை எடுத்து அருகருகே வைத்துக் காட்டுங்கள். ஒளியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதை அந்த மூன்று படங்களே சொல்லிவிடும்.