260 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கேமிங் கணினி

உலகின் பெயர்பெற்ற இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலைச் சீனன்குடாவின் வாசலிலேயே கிடக்கிறது. பிறீமா ஆலைக்குக் கோதுமை, சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கர், எண்ணெய்க் குதங்களுக்கு எரிபொருள் என்று கப்பல்கள் நேரே வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. ஒரு கிராபிக்ஸ் கார்ட் மட்டும் அப்படி வராது. அது கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களின் கண்ணாடி அலுமாரிகளில் கொஞ்சநாள் இருந்துவிட்டு, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தரைவழியாக வந்துசேர வேண்டும். பழுதானால் அதே வழியில் திரும்பிப் போகவும் வேண்டும். கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பொருத்துவதா, பொருத்திய பெட்டியாகவே வாங்குவதா என்ற வாதத்தை எல்லோரும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சீனன்குடாவிலிருந்து பார்ப்பவர் இந்தத் தூரத்திலிருந்து தொடங்குவதே சரி.

பொருத்துவது கடினமான வேலை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறைக்குப் பிறகு, எந்தக் கம்பனியின் மதர்போர்டும் எந்தக் கம்பனியின் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் பொருந்திவிடும். புரொசஸர், ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஒரு திருப்புளியும் ஒரு பின்னேரமும் போதும். சிக்கல் அதன்பின் வருகிறது. பொத்தானை அழுத்துகிறோம், காற்றாடிகள் சுழல்கின்றன, திரை கறுப்பாகவே இருக்கிறது. ராம் சரியாக உட்காராவிட்டாலும் இதே கறுப்புத்தான். பவர் சப்ளை தளர்ந்தாலும், மதர்போர்ட் செத்திருந்தாலும், புரொசஸரை அடையாளம் காணுமளவுக்கு பயோஸ் புதிதாக இல்லாவிட்டாலும் அதேதான். புதிய மதர்போர்டுகளிலுள்ள சிறு எச்சரிக்கை விளக்குகள் திசையைக் காட்டும், குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காது. உறுதியாகக் கண்டுபிடிக்க இருக்கும் வழி ஒன்றே: நல்லதென்று தெரிந்த இன்னொரு பாகத்தைப் போட்டுப் பார்ப்பது. கடைக்காரரின் மேசையில் அப்படிப் பத்துப் பாகங்கள் கிடக்கும். வீட்டில் கிடக்காது. பொருத்திய கணினிக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு திருப்புளி வேலைக்கல்ல, இந்த நோயறியும் வசதிக்கே போகிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அண்மையில் பெரியதொரு சான்று கிடைத்தது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசஸர்களில் உயர்வகைகள் பல, அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் உள்ளுக்குள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. 2024இல் அது வெளிப்படையாகி, அந்த ஆகஸ்டில் திருத்த மைக்ரோகோட் வந்தது. வாரண்டியும் 2 வருடங்கள் நீட்டப்பட்டது. ஆனால் விளையாடுபவரின் திரையில் வந்த செய்தி என்ன? வீடியோ மெமரி போதவில்லை என்பது. பலர் குற்றமற்ற கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பழிபோட்டார்கள். கொழும்புக்காரர் அந்தக் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நல்லதென்று தெரிந்ததும் பின்னேரமே திரும்பிவிடலாம். சீனன்குடாவில் இருப்பவருக்கு அது ஒரு பொதி, ஒரு வாரம், பிறகு இன்னொரு பொதி. முழுப் பெட்டியாக வாங்கியவர் எந்தப் பாகம் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்யவில்லை என்று சொன்னால் போதும்.

பொருத்தி விற்பவை தரக்குறைவானவை என்ற எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பெட்டியின் வெளியே கொட்டை எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே அதன் மெலிந்த தம்பி இருப்பார். 2018இல் என்விடியா தன் ஜிடி 1030 கார்டை டிடிஆர்4 நினைவகத்தோடும் விற்றது. பெயர் மாறவில்லை, வேகம் வெகுவாக விழுந்தது. 2022இல் வந்த 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060இன் நினைவகப் பாதை 128 பிட். 12 ஜிபி கார்டிலோ அது 192. இரட்டை வழியில் ஓட வேண்டிய ராமுக்கு ஒற்றைக் குச்சி செருகுவதும், பெயரில்லாத பவர் சப்ளை வைப்பதும் பழைய தந்திரங்கள். டெல் போன்ற பெரிய கம்பனிகளின் சில கேமிங் பெட்டிகளில் மதர்போர்டே தனி அளவில் இருப்பதால், அது போனால் சந்தையில் வேறொன்று வாங்கி மாட்ட முடியாது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு விழுவது கம்பனியே பூட்டி அனுப்பும் பெட்டிமீது. இலங்கையில் வழக்கத்திலிருப்பது பெரும்பாலும் வேறொன்று: பாகங்களைப் பட்டியலிட்டு நாமே தேர்ந்தெடுக்க, கடை பொருத்திச் சோதித்துத் தருகிறது. சிறு கூலி கேட்கும் கடையும் உண்டு, கூலியே கேட்காத கடையும் உண்டு. அங்கே தந்திரத்துக்கு மாற்று எளிது. ஒவ்வொரு பாகத்தின் முழு மாதிரி எண்ணையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அப்படியானால் எல்லாப் பாகங்களையும் அதே கடையில் வாங்கி, வீட்டில் பொருத்தினால் என்ன, அப்போதும் ஒரே கடைதானே என்று கேட்கலாம். கடை ஒன்றுதான், பொறுப்பு ஒன்றல்ல. இன்டெல் 2004இலிருந்தும் ஏஎம்டி 2022இன் ஏஎம்5இலிருந்தும் சாதாரண மேசைக் கணினிகளில் முட்களைப் புரொசஸரிலிருந்து மதர்போர்டுக்கு மாற்றிவிட்டன. மயிர்போன்ற அந்த முட்களில் ஒன்று வளைந்தால் அது பாவித்தவரின் பிழை. பொதுவாக வாரண்டி கிடையாது. கடை பொருத்தும்போது வளைந்தால் அது கடையின் தலைவலி. நம்மூர் வாரண்டிச் சீட்டுகளில் ஒரு வருடம் என்பது பல இடங்களில் 350 நாட்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அதில் போக்குவரத்துக்கும் சண்டைக்கும் எத்தனை நாளைச் செலவழிக்க முடியும்?

தானே பொருத்தினால்தான் இயந்திரம் புரியும் என்ற வாதத்துக்கு நான் அரைவாசி இணங்குகிறேன். ஆனால் கடற்காற்று அந்தப் பாடத்தை எப்படியும் நடத்திவிடும். காற்றாடி இழுக்கும் தூசியோடு உப்பும் படிகிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சுவதால் அந்தப் படலம் காயாமல் இருந்து, உலோகத்தை அரித்து, மின்சாரம் கசியவும் வழிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டால் உள்ளே ஈரத்தைக் குறைக்கும். மாதக்கணக்கில் மூடிவைத்த கணினிக்கே ஆபத்து அதிகம். துரு வாரண்டியில் சேராது. ஆகவே பக்கத் தகட்டைக் கழற்றித் துப்புரவாக்க எவரும் பழகத்தான் வேண்டும்.

பொருத்திய பெட்டிக்கு இருக்கும் உண்மையான பலவீனம் பயணம். இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் ஒரு கிலோவைத் தாண்டுகின்றன. அவ்வளவு பாரமும் மதர்போர்டின் ஒரு சிறு துளையிலும் இரண்டு திருகாணிகளிலும் தொங்கியபடி லொறியில் குலுங்கினால் துளையே பிளக்கலாம். கடையில் எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகு, கார்டை மட்டும் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியே அனுப்பச் சொல்வது நல்லது. வீட்டில் அதைத் துளையில் நேராக வைத்து அழுத்த, ஓரத்துக் கொளுக்கி டிக் என்று விழும். மின்வடத்தை இடைவெளி தெரியாதபடி இறுதிவரை தள்ள வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் இணைப்புகள் உருகியபோது, அரைகுறையாகச் செருகியதே முக்கிய காரணம் என்று என்விடியா சொன்னது. சீனன்குடாவில் பொருத்த வேண்டியது இவ்வளவுதான்.