பாங்கு சொல்ல ஓட்டுப் போட்ட ஊர்!

அமெரிக்காவில் மோட்டார் கார் தொழிலுக்குப் பேர்போன நகரம் டிட்ராய்ட். அந்தப் பெரிய நகரத்துக்குள்ளேயே தனி நகரசபையோடு ஒரு குட்டி நகரம் இருக்கிறது. அதன் பெயர் ஹாம்டிராமிக். பரப்பளவு சுமார் 2 சதுர மைல்தான்!

1910-ல் இங்கே 3,559 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு டாட்ஜ் சகோதரர்கள் இங்கே தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். வேலை தேடி போலந்து நாட்டுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். பத்தே வருடத்தில் ஜனத்தொகை 48,615 ஆயிற்று! தெருவெல்லாம் போலந்து மொழி. காலையில் மாதா கோவில் மணி.

ஆலை மூடியது

1980-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. போலந்துக்காரர்களின் பிள்ளைகள் பலர் வெளியூர்களில் குடியேறினார்கள். ஏமன், வங்காளதேச நாட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல்கள் எழுந்தன.

மக்கள் தீர்ப்பு

2004-ல் ஒரு பள்ளிவாசல், ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டது. நகரசபை சம்மதித்தது. சிலர் எதிர்த்தார்கள். விஷயம் ஓட்டுப் பெட்டிக்குப் போயிற்று. அனுமதிதான் ஜெயித்தது!

1922-ல் நகரமானதிலிருந்து மேயர் பதவி போலந்து வம்சத்தாரிடமே இருந்தது. 2021-ல் ஏமனில் பிறந்த ஆமிர் காலிப் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022-ல் நகரசபை அங்கத்தினர் அனைவரும் முஸ்லிம்கள்.

கொடித் தகராறு

2023-ல் நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் வானவில் கொடியை நகராட்சிக் கம்பங்களில் ஏற்றக்கூடாது என்றது. முன்பு முஸ்லிம்களுக்குத் துணை நின்ற சிலர் மனம் நொந்தார்கள்.

சிறு கூட்டமாக இருந்தபோது கேட்ட நியாயத்தை, பெருங்கூட்டம் ஆனபின் பிறருக்குக் கொடுப்பதா, வேண்டாமா? போலந்துக்காரர்கள் முன் நின்ற கேள்வி, இன்று புதியவர்கள் முன் நிற்கிறது.